கூழைக்கடா இறங்காத மூலை

யோகராசாவும் அன்னப்பூரணியும் பதின்மூன்று நாளாக ஒருவரோடொருவர் பேசவில்லை. அவர்கள் பேசாமலிருந்ததை நாற்பத்து மூன்று பேர் அன்றாடம் காலையில் வாசித்துவந்தார்கள்.

வாசித்த இடம் 'வட்டைப் பறவைகள்' என்ற வட்சப் குழு. வட்டை என்றால் அங்கே வயல்வெளி. நஞ்சடிக்காத வயல்களில் என்னென்ன பறவை இறங்குகிறது என்று கணக்கெடுக்கும் திட்டம் ஒன்று வாவிக்கு மேற்கே படுவான்கரைக்கு வந்திருந்தது; அன்னப்பூரணியின் வயலும் அதில் சேர்ந்திருந்தது. காலை ஆறு மணிக்கு வரம்பில் போய் ஒரு மணித்தியாலம் அசையாமல் இருக்க வேண்டும். கண்டதைக் குழுவில் போட வேண்டும்: இடம், நேரம், பறவை, தொகை, கடைசியில் குறிப்பு. திட்டத்துக்குப் பொறுப்பானவள் டினோஷா. மட்டக்களப்பு டவுனிலிருந்து ஸ்கூட்டியில் வந்துபோகிற பிள்ளை. 'பறவை தவிர்ந்த பதிவுகளைத் தவிர்க்கவும்' என்று குழுவின் நெற்றியிலேயே எழுதிவைத்திருந்தாள். குறிப்பு என்ற கட்டத்தில் மனிதர்கள் என்னவெல்லாம் செய்வார்கள் என்பது அவளுக்கு அப்போது தெரியாது.

அந்தப் பக்கத்தில் வீடும் வளவும் வயலும் பெண்ணோடு வருவன. ஆண் ஒரு பையோடு வருவான். ஆகவே கோபித்துக்கொண்டு வீட்டை விட்டு வெளியேறும் உரிமை ஆணுக்கே உரியது. யோகராசா அந்த உரிமையை ஐம்பத்தாறாவது வயதில் முதல் தடவையாகப் பயன்படுத்தினார். மனைவியின் வீட்டிலிருந்து வெளியேறி, மனைவியின் வயலில் இருந்த, ஓலை வேய்ந்த காவல் வாடியில் குடியேறினார். இதிலுள்ள சிக்கல் அவருக்கு மூன்றாம் நாள்தான் விளங்கியது.

சண்டை தொடங்கியது வடிச்சல் வாய்க்காலை ஒட்டிய மூலையில். அங்கே மீன்குஞ்சுகள் வெள்ளை வயிறு காட்டி மிதந்ததையும், ஒரு குருட்டுக்கொக்கு கழுத்தை மடக்கிச் செத்துக் கிடந்ததையும் அன்னப்பூரணி கண்டாள்.

"மருந்தடிச்ச நீங்களா?"

"நான் ஏன்கா அடிக்க?"

"என்ட வயல்ல எனக்குத் தெரியாம வேற ஆர் வந்து அடிக்கிற?"

அடித்தது அவர்தான். பயிரில் தத்திப்பூச்சி விழுந்த பயத்தில், பக்கத்து வயல்காரன் சீனித்தம்பியிடம் மருந்துப் போத்தலை வாங்கி, அந்த மூலைக்கு மட்டும் இரண்டு கான் கரைத்து அடித்திருந்தார். ஆனால் அவர் காதில் விழுந்தது 'என்ட வயல்' என்ற இரண்டு சொல் மட்டுமே. முப்பது வருடம் அந்தச் சேற்றில் நின்ற கால் இரண்டும் யாருடைய கால் என்று அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. பொய் சொன்னவருக்கு ரோசமும் வந்தால் போக வாடிதான் இருக்கிறது.

மறுநாள் குழுவில் அன்னப்பூரணியின் பதிவு வந்தது.

'வீட்டு வளவு. காலை 7.00. காகம் 4. குறிப்பு: மீந்த புட்டைத் தின்றன. புட்டு மீந்ததற்குக் காகங்கள் பொறுப்பல்ல.'

யோகராசா பதில் போட்டார். 'வாடி. நுளம்பு, எண்ண முடியவில்லை. குறிப்பு: போர்வை வீட்டில் உள்ளது.'

'ஐயா, நுளம்பு பறவையல்ல' என்றாள் டினோஷா.

அன்று பின்னேரமே போர்வை சீனித்தம்பியின் சைக்கிளில் வந்து இறங்கியது. மடிப்புக்குள் முதுகுக்குப் பூசும் எண்ணெய் இருந்தது. யார் அனுப்பியது என்று அவர் கேட்கவில்லை. சீனித்தம்பியும் சொல்லவில்லை, சும்மா பல்லைக் காட்டிவிட்டுப் போனான்.

இத்தோடு விட்டிருந்தால் நாலாம் நாள் வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் மூலையில் ஒன்றும் நடக்கவில்லை என்று நிரூபிக்க வேண்டிய கடமை அவருக்கு இருந்தது. அதை வாடிக்குள் படுத்தபடியே நிறைவேற்றினார். முதல் நாள் மூலையில் வெள்ளைக்கொக்கு ஐந்து. அடுத்த நாள் ஒன்பது. ஆறாம் நாள் முப்பத்தொன்று. எட்டாம் நாள் கூழைக்கடா பன்னிரண்டும் வந்து சேர்ந்தன. வாவியில் மீனிருக்க அவை ஏன் வயல் மூலையில் வந்து வரிசையில் நின்றன என்று ஒருவரும் கேட்கவில்லை. கை தட்டும் படங்கள் குவிந்தன.

"என்ன மச்சான்," என்றான் சீனித்தம்பி, வரம்பில் நின்றபடி. "ஊர்க் கொக்கெல்லாம் உன்ட மூலையிலதானாம். எங்கட பக்கம் வர அதுகளுக்கு விசா இல்லையோ?"

ஒருத்தி மட்டும் கை தட்டவில்லை. அவளுக்கு அந்த மூலையின் ஒவ்வொரு சாணும் தெரியும்.

'வீட்டு வளவு. காகம் 4. குறிப்பு: கூப்பிட எண்ணம் உண்டு. கணக்குச் சரிவந்தால்.'

நாற்பத்து மூன்று பேருக்கும் விளங்கியது. யோகராசாவுக்கும் விளங்கியது. உண்மையைச் சொன்னால் வீடு, சொல்லாவிட்டால் நுளம்பு. ஆனால் உண்மையை எந்த வாயால் சொல்வது?

பன்னிரண்டாம் நாள் டினோஷா போன் எடுத்தாள். "ஐயா, சனிக்கிழமை கமராவோட வாறம். இந்த வட்டையில கூடின கணக்கு உங்கட மூலையிலதான். அதை வச்சித்தான் மத்தவங்களுக்கும் சொல்லப் போறம்."

"வாங்க புள்ள," என்றார். போனை வைத்த பிறகு வாடியின் கூரையை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு, முதல் தடவையாக, அவர் உண்மையிலேயே போய் மூலை வரம்பில் இருந்தார். மேல்பக்கத்தில் பயிருக்குள் கொக்குகள் நடந்தன. மின்கம்பியில் மீன்கொத்தி ஒன்று இருந்து வேறு பக்கம் பார்த்தது. மூலையில் மட்டும் தண்ணீர் துப்புரவாக இருந்தது. தவளைச் சத்தம்கூட இல்லை. காலைத் தண்ணீருக்குள் விட்டார். எந்த வருடமும் கால் வைத்தவுடன் மீன்குஞ்சுகள் வந்து விரலிடுக்கைக் கொத்தும், அவர் கூச்சத்தில் காலை உதறுவார், அன்னப்பூரணி சிரிப்பாள். இன்று கால் சும்மா கிடந்தது. ஒரு மணித்தியாலம் காத்திருந்தார். யாரும் கொத்த வரவில்லை.

ஏழு மணிக்குப் போனை எடுத்து, ஒற்றை விரலால் தட்டினார்.

'மூலை. காலை 6 - 7. கொக்கு 0. மீன்கொத்தி 0. கூழைக்கடா 0. குறிப்பு: மருந்தடித்தது நான். இரண்டு கான். முந்தின கணக்கெல்லாம் படுத்திருந்து எழுதியவை. கூழைக்கடாக்கள் மேலால் பறந்து போனது உண்மை. இறங்கவில்லை.'

அனுப்பிவிட்டு, சுடுகிற சட்டியைக் கீழே வைப்பதுபோல் போனை வரம்பில் வைத்தார்.

கை தட்டல் இல்லை. கனநேரம் கழித்து டினோஷா எழுதினாள்: 'பதிவுக்கு நன்றி ஐயா. பூச்சியமும் பதிவுதான். சனிக்கிழமை கட்டாயம் வாறன். ஒரு மூலை எப்படித் திரும்பி வருகுது எண்டு முதல் நாளிலிருந்து பார்க்க எங்களுக்கு வேற இடம் இல்ல.'

அன்னப்பூரணி ஏதோ எழுதுவதாகப் போன் காட்டியது. பிறகு அதுவும் நின்றுபோனது.

எட்டரை மணிக்கு வரம்பில் கால் சத்தம் கேட்டது. அன்னப்பூரணி. வலது கையில் சாப்பாட்டுப் பெட்டி, இடது கையில் செருப்பு. அவரைத் தாண்டிப் போய், ஒரு முழம் தள்ளி இருந்து, காலைத் தண்ணீருக்குள் விட்டாள்.

"தனிய இருந்தா எண்ணின?"

"ஓம்."

"ரெண்டு பேர் இருந்து எண்ணினாத்தான் பிழை வராதாம். அந்த டினோஷாப் புள்ள சொன்னது உங்களுக்கு விளங்கல்ல."

அவர் வாய்க்கால் பக்கம் பார்த்தபடி, "அந்தக் குருட்டுக்கொக்கு…" என்று தொடங்கினார்.

"நான்தான் தாட்ட. பூவரசுக்குக் கீழ, குழி வெட்டி." பெட்டியைத் திறந்து அவர் பக்கம் தள்ளினாள். "ஆறப் போகுது, தின்னுங்க."

புட்டு. அவர் முதல் வாய் வைக்கும்போது அவள் சட்டென்று நிமிர்ந்தாள்.

"லாபம்," என்றாள்.

களத்தில் நெல் அளக்கும்போது முதல் மரைக்காலை யாரும் ஒன்று என்பதில்லை. லாபம் என்றுதான் தொடங்குவார்கள். அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். கொக்கு இல்லை, ஒன்றும் இல்லை.

"எங்ககா?"

"கால்ல. கொத்துது." அவள் அசையாமல் இருந்தாள். "வாய்க்காலால வந்திருக்கும்."

"மீன் பறவையில்ல. பதிய ஏலா."

"குறிப்பில போடுங்க. நீங்க அதிலதானே எல்லாம் எழுதுற."

அவர் பெட்டியை மடியில் வைத்துவிட்டுத் தன் காலையும் மெல்ல விட்டார். இருவரும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெயில் ஏறியது. சீனித்தம்பி தூரத்து வரம்பில் நின்று பார்த்துவிட்டு, ஆச்சரியமாக, ஒன்றும் சொல்லாமல் போனான்.

"மறுகா?" என்று அடுத்த கணக்கைக் கேட்டாள் அவள்.

"பொறு," என்றார். பிறகு கூச்சத்தில் தோள் குலுங்க, காலை மட்டும் உதறாமல், "ரெண்டு," என்றார்.

அவள் சிரித்தாள். எழும்பும்போது, "போர்வையையும் எடுத்திட்டு வாங்க. கழுவோணும்," என்றாள்.

சனிக்கிழமை காலை குழுவில் முதல் பதிவு அவளுடையது.

'வீட்டு வளவு. காலை 7.00. காகம் 4. குறிப்பு: புட்டுக்கு வந்து வெறும் வாயோடு திரும்பின.'