ஊரார் பிள்ளை

வலது கை சட்டைக்குள் போக மறுத்தது. மூத்தவள் முழங்கையைப் பிடித்து மறுபடி தள்ளிப் பார்த்தாள். விடியற்காலையில் தூக்கத்திலேயே போய்விட்ட அம்மாவின் உடம்பு அதற்குள் விறைக்கத் தொடங்கியிருந்தது. தலை தலையணையிலிருந்து சரிந்தது. பதறிப்போய் இரண்டு கையாலும் தாங்கினாள். அம்மா கடைக்குப் போட்டுக்கொண்டு போகும் காலர் வைத்த சட்டை கீழே விழுந்தது.

தம்பி வண்டி ஏற்பாடு செய்யப் போயிருந்தான். கதவுக்கு வெளியே கூடம் நிறைந்துகொண்டிருந்தது. எல்லாம் அம்மாவின் பிள்ளைகள். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் வாடகைக்கு எடுத்த ஒரு கடையில், இல்லாத வீட்டுக் குழந்தைகளுக்கு வருடக்கணக்காகக் காசு வாங்காமல் துணிமணி கொடுத்தவள் அம்மா. சீருடை, ஸ்வெட்டர், ஷூ, சோப்பு. சட்டை பழசாக இருக்கலாம், உள்ளாடை மட்டும் புதுசாகத்தான் இருக்க வேண்டும் என்பது அவள் பிடிவாதம். அங்கே சட்டை வாங்கியவர்கள் வளர்ந்து ஆளாகி, தங்கள் குழந்தைகளையும் இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்திருந்தார்கள். பெற்ற மகளைவிடச் சத்தமாக அழுதார்கள். "அம்மா, அம்மா" என்று ஒவ்வொரு குரலும் சொல்லும்போது மூத்தவளுக்கு வயிறு எரிந்தது.

அவர்களில் ஒருத்தி பேருந்து ஓட்டுகிறவள். பணிச் சீருடையோடு ஓடி வந்திருந்தாள். சற்று முன்தான் அறை வாசலில் நின்று கேட்டாள்.

"அக்கா, அம்மாவுக்கு டிரஸ் மாத்த நானும் வரட்டுமா? மொத நாள் ஸ்கூலுக்கு அவங்கதான் எனக்குப் பட்டன் போட்டு விட்டாங்க."

"வேணாம். வீட்டு ஆளுங்க பாத்துக்குவோம்."

முகத்துக்கு நேரே கதவைச் சாத்தித் தாழ்ப்பாளும் போட்டிருந்தாள்.

தனக்கு யார் பட்டன் போட்டு விட்டார்கள்? மூத்தவளுக்கு ஞாபகமில்லை. அம்மா இருட்டோடு கடைக்குக் கிளம்பிவிடுவாள். "நீ பெரியவ. நீயே போட்டுக்குவ." ஒருநாள் பட்டனை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு போய், வகுப்பே சிரித்தது. அழுதுகொண்டே வந்து சொன்னபோது அம்மாவும் சிரித்தாள். "ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தா தன் பிள்ளை தானே வளருமாம்டி." அப்படித்தான் ஆயிற்று. தானேதான் வளர்ந்தாள்.

இன்னொரு முறை தூக்கிப் பார்த்தாள். முடியவில்லை. சிறிது நேரம் அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு போய்த் தாழ்ப்பாளை விலக்கினாள்.

ஓட்டுநர் பெண் வாசலிலேயே நின்றிருந்தாள்.

"வா."

அவள் உள்ளே வந்தாள். கட்டிலின் அந்தப் பக்கம் போய் அம்மாவைத் தோளோடு சேர்த்து அணைத்து நிமிர்த்தினாள். மூத்தவள் கையை நுழைத்தாள். இந்தப் பக்கம், அந்தப் பக்கம். குனிந்து ஆளுக்கொரு பட்டனாகப் போட்டார்கள்.

"உங்கள நெனச்சா அப்பல்லாம் எனக்குப் பத்திக்கிட்டு வரும்க்கா," என்றாள் ஓட்டுநர் பெண், பட்டனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"என்னைய எங்க பாத்த?"

"கடை வாசல்ல ஒருதடவ. அம்மாவக் கூட்டிட்டுப் போக வந்திருந்தீங்க. ஷட்டர எறக்குனதும் அவங்க உங்க வீட்டுக்குத்தான போவாங்க? நாங்க வேற எங்கயோ போவோம். வீட்ல உங்களுக்கு என்னெல்லாம் செய்வாங்கன்னு படுத்துக்கிட்டே யோசிப்பேன்."

வீட்டுக்கு வந்த அம்மா செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியிலேயே தூங்கிவிடுவாள். செருப்பைக் கழற்றி ஓரமாக வைப்பது மூத்தவளின் வேலை.

"தலை வாரி விடுவாங்க," என்றாள் மூத்தவள். "தெனமும். எவ்வளவு அலுப்பா இருந்தாலும்."

ஓட்டுநர் பெண் தலையாட்டினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நெனச்சேன்."

காலரைச் சரிசெய்த பிறகு தலை மட்டும் பாக்கி. மூத்தவள் சீப்பை எடுத்தாள். தூக்கத்தில் கலைந்த நரைமுடி நெற்றியில் விழுந்து கிடந்தது. சீப்பின் முனையை நெற்றிமேல் வைத்தவள் அப்படியே நின்றாள். அம்மாவுக்கு எந்தப் பக்கம் வகிடு?

இடது பக்கம் எடுத்தாள்.

ஓட்டுநர் பெண் ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். பிறகு உள்ளங்கையை நனைத்து, வலது பக்கத்துப் பழைய வகிட்டுக்கே திரும்பித் திரும்பிப் போன முடியை, மூத்தவள் எடுத்த வகிட்டுக்குப் படியும்வரை மெல்ல அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள்.