மேடா, பள்ளமா

எங்கள் வீட்டில் படம் எடுப்பவன் அவன். அதிலிருந்து நிறத்தை எடுப்பவள் நான்.

மரப்பட்டை, பழைய சுவர், எலுமிச்சைத் தோல், யானையின் கால் என்று எதையாவது படமெடுத்து வருவான். நான் அதைக் கணினியில் ஏற்றி, நிறத்தை நீக்கி, வெளிச்சத்தைச் சமப்படுத்தி, வெறும் சாம்பலாக்கிக் கொடுப்பேன். அவன் திரையில் ஓர் உருவத்தைக் களிமண் போலப் பிசைந்து வைத்திருப்பான். அதன்மேல் என் படத்தை முத்திரை போல அழுத்துவான். வெள்ளை இருக்கும் இடம் மேலே எழும்பும். கறுப்பு உள்ளே இறங்கும். நடுச் சாம்பல் அசையாது. அவ்வளவுதான் தொழில்.

சிக்கல் ஒன்றுதான். புகைப்படத்துக்கு நிறம் தெரியும், உயரம் தெரியாது. எங்களுக்குக் கல்யாணமான முதல் வருடம், தேமல் படிந்த கன்னம் ஒன்றை அப்படியே சாம்பலாக்கிக் கொடுத்துவிட்டேன். தேமல் வெளுப்பு. வெளுப்பெல்லாம் மேடாகிவிட்டது. கணினி விளையாட்டுகள் தயாரிக்கும் கம்பெனிக்காரர் போன் செய்தார். "உங்க ராஜகுமாரனுக்கு அம்மை போட்டிருக்கு. தலைக்குத் தண்ணி ஊத்தினதும் அனுப்புங்க."

அன்றிலிருந்து எங்களுக்குள் ஒரு விதி. சந்தேகம் வந்தால் கேட்க வேண்டும். மேடா, பள்ளமா? தொட்டுப் பார்த்தவர் பதில் சொல்ல வேண்டும்.

அந்த வாரம் குகையில் வாழும் ஒரு மிருகம் செய்துகொண்டிருந்தோம். தலை, தாடை, கால் எல்லாம் முடிந்துவிட்டன. முதுகு மட்டும் பாக்கி. கெடு நாள் வந்துவிட்டது; மாலை ஐந்து மணிக்கு அனுப்ப வேண்டும். காலையில் ஒரு படத்தை என் கணினிக்குத் தள்ளினான். பெயர், தோல் 31.

"இது எங்க புடிச்ச?"

"நெட்ல ஒருத்தன் விக்கிறான். வாங்கினேன்."

"என்ன தோலு?"

"முதலையோ என்னமோ. பாத்தா கண்டுபிடிக்க முடியலல்ல? நமக்கு அதுதானே வேணும்."

நல்ல படம். எங்கும் நிழல் விழவில்லை. நடுவில் மினுமினுப்பான வெளுத்த பட்டை. அதன் இரு பக்கமும், இழுத்துத் தைத்த சாக்கு போலச் சுருங்கிய தோல். ஓரங்களில் இரண்டிரண்டாகப் புள்ளிகள். மிருகத்துக்கென்றே அளவெடுத்தது போல இருக்கிறது என்று நினைத்தேன். அவனிடம் சொல்லவும் செய்தேன். அவன் சிரித்தான்.

பதினொரு மணிக்குத் தையல்காரம்மா கூப்பிட்டார். தங்கச்சி கல்யாணத்துக்கு எனக்கு ஒரு ஜாக்கெட்.

"பின்கழுத்து எவ்ளோ இறக்கம்மா? இல்ல, வழக்கம்போல மூடி போட்ட டப்பாதானா?"

போனைக் கையால் மூடிக்கொண்டு அவனைக் கேட்டேன்.

"நல்லா இறக்கியே வை," என்றான். "அங்க என்ன இருக்கு? ஒரு கோடு."

நாலு வருடத்துக்கு முன் எனக்கு முதுகெலும்பில் ஆபரேஷன். காயம் சீழ் பிடித்து, மறுபடி பிரித்துத் தைத்தார்கள். ஏழு வாரம் குப்புறக் கிடந்தேன். அவன்தான் தினமும் கட்டு மாற்றினான். ஒருநாளும் முகம் சுளித்ததில்லை என்று ஊரெல்லாம் சொல்லியிருக்கிறேன். குப்புறக் கிடந்தவளுக்கு அவன் முகம் எப்படித் தெரிந்தது என்று யாரும் கேட்கவில்லை.

அந்தத் தழும்பை நான் பார்த்ததில்லை. இரண்டு கண்ணாடி போதும். ஆனால் அவன் பார்த்துச் சொல்வது போதும் என்று இருந்துவிட்டேன். "பென்சில் கோடுடி. ரப்பர் வச்சு அழிச்சா போயிடும்" என்பான்.

"ஆறு இன்ச்" என்றேன் தையல்காரம்மாவிடம்.

"அப்பாடா. உங்களுக்குத் தச்சுத் தச்சு எனக்கே மூச்சு முட்டிச்சு."

மறுபடி வேலைக்கு உட்கார்ந்தேன். நடுப்பட்டை வெளுப்பு. அப்படியே விட்டால் மேடாகும்.

"தோல் முப்பத்தொண்ணு. நடுவுல வெள்ளையா இருக்கே, மேடா பள்ளமா?"

அவன் மிருகத்தின் முதுகைச் செதுக்கிக்கொண்டிருந்தான். திரும்பவில்லை.

"பள்ளம். ரெண்டு விரல் அகலத்துக்கு இறங்கும். ஓரம் தடிச்சிருக்கும். கீழ எடது பக்கம் ஒரு முடிச்சு இருக்கும் பாரு, கல்லு மாதிரி. அத நல்லா தூக்கி விடு."

பட்டையைக் கறுப்பாக்கினேன். ஓரங்களை வெளுத்தேன். முடிச்சுக்கு வந்தபோது கை நின்றது.

விலைக்கு வாங்கின படம். அகலத்தை ஊகிக்கலாம். தடிப்பையும் ஊகிக்கலாம். கல்லு மாதிரி என்பது கண்ணுக்குத் தெரியாது.

இடது கையைச் சட்டைக்குள் விட்டு முதுகுக்குக் கொண்டுபோனேன். தழும்பின் அடிநுனி வரைதான் என் விரல் எட்டும். குளிக்கும்போதெல்லாம் அங்கே ஒன்று தட்டுப்படும். உள்ளே தையல் நூல் நின்றிருக்கும், விடு என்று சொல்லியிருந்தான்.

இருந்தது. இடது பக்கம். கல் மாதிரி.

இருவருக்கும் பொதுவான சேமிப்பில், அவன் படங்கள் வைக்கும் இடத்தில் தேடினேன். தோல் 31 ஒரு துண்டுதான். முழுப் படமும் இருந்தது. மூலையில் எங்கள் நீலப் போர்வை. அதோடு இன்னும் நாற்பத்தெட்டு. ஒரு நாளைக்கு ஒன்று.

கட்டு மாற்றும்போதெல்லாம், டாக்டருக்கு அனுப்பணும், அசையாதே என்பான். இரண்டு விலாவிலும் விளக்கின் சூடு படும். எவ்வளவு சிரத்தை என்று தலையணையில் முகம் புதைத்துக்கொண்டு நினைத்திருக்கிறேன். இரண்டு பக்கமும் விளக்கு வைத்தால் நிழல் விழாது. நிழல் இல்லாமல் காயத்தின் ஆழம் டாக்டருக்குத் தெரியாது. நிழல் வேண்டாம் என்பவர்கள் எங்கள் தொழில்காரர்கள்தான்.

"இது யாரு முதுகு?"

செதுக்கும் பேனாவைக் கீழே வைத்தான். நாற்காலியைத் திருப்ப நேரம் எடுத்துக்கொண்டான்.

"முகமா தெரியுது? யாருக்குத் தெரியப்போகுது?"

"எனக்கே தெரியலயே."

"அதத்தான் நானும் சொல்றேன்."

"என்கிட்ட கோடுன்னு சொன்ன."

"நீ கஷ்டப்படக் கூடாதுன்னு சொன்னேன்."

"இப்பத்தான் ஆறு இன்ச் இறக்கச் சொன்னேன். கேட்டுட்டுத்தானே இருந்த?"

கீழே வைத்த பேனாவை விரலால் உருட்டினான்.

"பொய் எனக்காகச் சொன்ன, சரி. ரெண்டு விளக்கு வச்சியே, அது யாருக்காக?"

தரையைப் பார்த்தான். பிறகு திரையைப் பார்த்தான். அங்கே அது பெரிதாக விரிந்து கிடந்தது.

"நல்ல டெக்ஸ்சர்டி," என்றான். "அந்த மாதிரி எங்க தேடினாலும் கெடைக்காது."

நாலு வருடத்தில் என் முதுகைப் பற்றி அவன் சொன்ன முதல் உண்மை அது.

"அஞ்சு மணிக்கு இத அனுப்பிடலாம்," என்றான். "அப்புறம் உக்காந்து பேசலாம். நீ என்ன சொன்னாலும் கேக்கறேன்."

என் இடத்துக்குத் திரும்பினேன். நாற்பத்தொன்பது படங்களையும் ஒரு பென் டிரைவில் ஏற்றிப் பையில் போட்டுக்கொண்டேன். பொதுச் சேமிப்பில் இருந்தவற்றை அழித்தேன். பிறகு தோல் 31-ஐத் திறந்து, நடுச் சாம்பலை எடுத்து, மூலைக்கு மூலை நிரப்பினேன். மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. அதே பெயரில் சேமித்து அவனுக்குத் தள்ளினேன்.

"வந்துச்சு," என்றான். குரலில் நிம்மதி.

மிருகத்தின் முதுகில் வைத்து அழுத்தினான். இன்னும் பலமாக அழுத்தினான்.

"என்னடி இது? ஒண்ணுமே வரல."

"நீ சொன்ன மாதிரிதான் செஞ்சிருக்கேன். ரப்பர் வச்சு அழிச்சாச்சு."

தேடினான். மவுஸ் சொடுக்கும் சத்தம் வேகமாகக் கேட்டது. பிறகு நின்றது.

"ஒரிஜினல் எங்க?"

"முதுகுலதான் இருக்கு."

அவன் மறுபடி என் பக்கம் திரும்பவில்லை. திரையில் மிருகம் முதுகு மழமழவென்று நின்றது.

போன் அடித்தது. தையல்காரம்மா.

"துணியை விரிச்சாச்சும்மா. கத்திரி வைக்கப்போறேன். ஆறுதானே? அப்புறம் மாத்தக் கூடாது."

"வெட்டாதீங்கக்கா. பாத்துட்டுச் சொல்றேன்."

"எதப் பாத்துட்டு?"

கைக்கண்ணாடி அலமாரியின் மேல்தட்டில் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு குளியலறைக்குப் போய்த் தாழ் போட்டேன்.