ஆணி நில்லாத பியானோ

…வீரகத்தியர் வாசலை மறித்தாற்போல் சாய்மனைக் கதிரையில், கொன்வென்ற் கிளாக்கர் இளையதம்பி அலுமாரியோடு ஒட்டிப் போட்ட வாங்கில், கமலாசனி தையல் மெசினுக்குப் பின்னால் ஸ்ரூலில் தலையைக் குனிந்தபடி, நான் பியானோவுக்கு முன்னால், மூன்று பேருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு. எந்தக் கடிதமென்றாலும் யார் யார் எங்கே இருந்தார்கள் என்று முதலில் எழுதிக்கொண்டால்தான் எனக்குக் கை ஓடும், பள்ளிக்கூடத்தில் பழகின பழக்கம், கொன்வென்ற் மதர் பியானோவுக்குச் சுருதி கூட்டுகிற என்னிடம் கேட்டதோ ஒரே கேள்வி, இந்தப் பியானோ எங்களுக்கு உதவுமா உதவாதா என்று. உதவும் என்று நான் எழுதினால் பியானோவோடு கமலாசனிக்கும் அங்கே சங்கீத ரீச்சர் வேலை, உதவாது என்றால் இரண்டும் இல்லை. கமலாசனி வீரகத்தியரின் தங்கச்சி மகள், கொழும்பில் பியானோ படித்தவள், எழுபத்தேழு கலவரத்தோடு தாயும் மகளுமாக நெளுக்குளத்துக்கு வந்து இந்த வீட்டில் ஒதுங்கினவர்கள். சரி, அரிசி மில்காரர் ஒருவர் தங்கச்சி மகளுக்கு வேலை எடுக்கப் பியானோவையே தூக்கிக் கொடுக்கிறாரென்றால், கொடுக்கிற பியானோ எப்படிப்பட்டது…

மூடியைத் தூக்கினவுடனே தெரிந்தது. மலைநாட்டில் ஒரு துரை பங்களாவில் இருந்ததாம், றெயிலில் வந்ததாம். குட்டி கிராண்ட், வெளியே பளபளப்பு, உள்ளே கம்பிகளைத் தாங்கிற இரும்புச் சட்டம் மெல்லிசு, அடிச் சுரங்களின் கம்பி நீளம் காணாமல் தகரத்தில் தட்டினதுபோல் ஒரு சத்தம். முன்பலகையில் பொன்னெழுத்தில் ஒரு வெள்ளைக்காரப் பெயர், நகத்தால் தொட்டேன், ஓரம் கிளம்பியது, கீழே வேறொரு பெயர் இருந்த தழும்பு, யார் ஒட்டினது, துரையா, விற்றவனா, இந்தச் சாய்மனைக் கதிரைக்காரரா? இசைக்கவையைத் தட்டிக் காதில் வைத்து நடுக்கட்டைகளிலிருந்து தொடங்கினேன். சுருதிச் சாவியைப் போட்டுத் திருகினால் கம்பி சுற்றின ஆணி ஒரு எதிர்ப்பும் காட்டவில்லை, அவித்த கிழங்கில் ஈர்க்குக் குத்தினதுபோல், ஆணி இறங்கியிருக்கிற பலகையே உளுத்த மரம். மேல் சுரங்களை முடித்துக்கொண்டு நடுவுக்குத் திரும்பினால் நடு இறங்கிக் கிடக்கிறது, அதை ஏற்றினால் பக்கத்தில் உள்ளது இறங்குகிறது… ஒரு ஆணியை முழுதாகக் கழற்றிப் பார்த்தேன், சுற்றிவர ஆணி வழுக்காமல் பிடிக்க அரத்தாள் துண்டு, புதுத் தாள், மணல் இன்னும் கூராக. துரை காலத்து வேலையில்லை இது. எனக்கு முதல் ஒரு கை இதற்குள் போயிருக்கிறது, மூடி மறைக்கிற கை.

“பல்லுப் பிடுங்கிறவர் மாதிரியெல்லோ நிக்கிறியள் தம்பி, எல்லாப் பல்லும் ஆடுதோ?” என்று வீரகத்தியர் கேட்டார், அவர் முடிக்க முதலே இளையதம்பி சிரித்தார், அதென்ன முடிக்க முதலே, இரண்டு பேரும் முன்னரே கதைத்துவைத்த பகிடியா? மில்லில் மெசின் திருத்துகிற பிற்றர் இருக்கிறான், அரத்தாள் வெட்டத் தெரியாதவனா அவன். பிறகு வீரகத்தியர் தானாகவே கதையை எடுத்தார், வேலை சரிவராவிட்டால் பெட்டையை நாயாற்றில் கருவாட்டு வியாபாரி ஒருவருக்குக் கட்டிக்கொடுக்கப் பேசியிருக்கிறதாம், முதல் தாரம் செத்துப் பிள்ளைகள் இருக்கினமாம், ஆனால் நல்ல மனிசனாம். இதை எனக்கு ஏன் சொல்ல வேணும், நான் கம்பி முறுக்க வந்தவன். என் மனம் இளகட்டும் என்றா? இளகினது, அதுதான் எனக்குக் கோபம். கட்டையைத் தட்டிக்கொண்டே திரும்பிப் பார்த்தேன், கமலாசனி நிமிரவில்லை, ஆனால் ஒரு சுரம் மெல்ல இறங்கத் தொடங்க, எனக்குக் காதில் பட முதலே அவளுடைய விரல் சீலைத் தலைப்பை இறுக்கியது, கண்டேன், இறங்கப்போகிறதென்று இவளுக்கு எப்படித் தெரியும்?

வீரகத்தியர் இளையதம்பியைப் புது மில் மெசின் பார்க்கக் கூட்டிக்கொண்டு போன கையோடு, குசினியில் வேலை செய்கிற வீரம்மா, மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவள், பிளேன்ரீ கொண்டுவந்து நின்று பார்த்தாள். “சின்னம்மாவும் தெனம் காலையில இப்படித்தாங்க, மூடியத் தொறந்துவச்சிக்கிட்டு டங்கு டங்குன்னு தட்டித் தட்டித் திருகுவாங்க,” என்றாள், கமலாசனியைக் கண்ணால் காட்டி. அவள் போனபிறகும் கமலாசனி மெசினின் சில்லைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், நான்தான் கேட்டேன், அரத்தாளும் நீங்களோ என்று.

“ஓம். சைக்கிள் கடையிலை ஒரு சாவி செய்விச்சனான். இறங்கிறதை ஒவ்வொருநாளும் விடியவில் ஏத்துவன்.”

ஏன் முதலே சொல்லவில்லை என்றேன்.

“நீங்கள் கேக்கேல்லையே.” பிறகு, பிழையான கட்டை ஒன்றைத் தொட்டுவிட்டதுபோல் மிக மெதுவாக, “இது தானா நிக்காது. பக்கத்திலை ஒராள் இருந்தா நிக்கும்,” என்றாள். நாயாற்றைப் பற்றி வாயே திறக்கவில்லை. அழவுமில்லை, கெஞ்சவுமில்லை.

வவுனியாத் தபாற்கந்தோர் மேசையில் இருந்து எழுதினேன். பொய்யெழுதினால் மாதம் முடிய முதல் என் பெயர் நாறிவிடும், உதவாது என்றெழுதினால் அவள் கருவாட்டு வாடிக்கு, இரண்டுக்கும் நடுவில் வழி இல்லையென்று பேனையைக் கடித்துக்கொண்டிருந்தவனுக்கு ஒரு வசனம் வந்தது: ‘இப்பியானோ தானாக நில்லாது, நாளாந்தம் சுருதி பார்க்கத் தெரிந்த ஒருவர் அருகில் இருந்தால் நிற்கும், செல்வி கமலாசனி அதற்குத் தகுந்தவர்.’ வாசித்துப் பார்த்தேன், முழு உண்மை, எனக்கே என்னை மெச்சவேண்டும் போலிருந்தது. பசை தடவி உறையை ஒட்டி, பெட்டி வாய்க்குள் பாதி நுழைத்தபிறகுதான்… இது என் வசனமா? தானா நிக்காது, ஒராள் இருந்தா நிக்கும். அவள் சொன்னதை நான் எழுத்துத் தமிழாக்கினேன், அவ்வளவுதான். அந்த நேரம் பார்த்து மில் காட்டக் கூட்டிப்போனது, அந்த நேரம் பார்த்து வீரம்மா, அந்த நேரம் பார்த்து ஒரு வசனம்… இல்லை, வீரம்மா பாவம், தேத்தண்ணி கொண்டுவந்தவள். அப்படியென்றால் கமலாசனி மட்டுமா? ஏமாற்றினாள் என்றால் உண்மையைச் சொல்லியா ஏமாற்றினாள், அப்படியும் ஒருவரை ஏமாற்றலாமா? உறையைக் கிழித்து வேறு விதமாக எழுதுவோமென்று பெட்டிக்கு முன்னாலேயே நின்று வசனம் தேடினேன், பின்னால் நின்றவர் செருமினார். அதைவிட உண்மையானதாக ஒன்றும் வரவில்லை, உறையிலிருந்து கையை விட்டேன்.