நாம் என்று எழுதிய மனு

1891ஆம் வருஷம் சித்திரை மாதம் வேதக்காரத் தெரு இன்னாசியம்மாள் எழுதிய நாலாவது மனுவைப் படித்தவர்களுக்கும், படிக்கக் கேட்டவர்களுக்கும் அதன்பிறகு ஒரு மிடறு தண்ணீர்கூடத் தொண்டையில் இறங்கவில்லை. செம்பைத் தூக்கினால் உதட்டுக்கு வருமுன்னே அது காலியாயிருந்தது.

காமயகவுண்டன்பட்டிக்குத் தெற்கே இருந்த அந்த ஊரில், மணியக்காரர் சீனிச்சாமி மாசி மாதமே ஊர்க்கிணற்றுக்கு வேலி கட்டிப் பூட்டுப் போட்டுவிட்டார். வேதக்காரரான கிறிஸ்தவர்கள் தொட்டால் தண்ணீர் கெட்டுவிடுமாம். அத்தனை வருஷம் கெடாத தண்ணீர்! ஆறும் மணலாய்க் கிடந்த கோடையில் அவர்களுக்கு எருமை புரளும் குட்டைதான் மிச்சம். அதைக் குடித்து இன்னாசியம்மாளின் ஆறு வயது மகள் ரோசம்மாள் வயிற்றுக்கடுப்பில் சுருண்டு கிடந்தாள். நல்ல தண்ணீர் கொடுத்தால் பிழைப்பாள் என்று வைத்தியர் சொல்லிவிட்டுப் போனார்.

கன்னியாஸ்திரிகளிடம் எழுத்துப் படித்தவள் இன்னாசியம்மாள். முதல் மனுவில் கெஞ்சினாள். பணிவு போதவில்லை என்று தாலுகாக் கச்சேரி குமாஸ்தா சண்முகராஜ் திருப்பி அனுப்பினார். இரண்டாவதில், நாங்கள் மனிதரில்லையா, எருமைக்கும் எங்களுக்கும் ஒரே குட்டையா என்று கேட்டாள். கேள்வி கேட்பது கச்சேரியின் வேலை என்று பதில் வந்தது. மூன்றாவதில் தாகம் தாகம் என்று ஒன்பது தடவை எழுதினாள். ஒரே சொல்லை எழுதிக் காகிதத்தை வீணாக்காதே என்றார்கள். எங்கள் தாகம் என்று எழுதினால் இந்தப் பாவிகளுக்கு எங்கே உறைக்கப்போகிறது என்று பல்லைக் கடித்தவள், நாலாவது மனுவில் 'நாங்கள்' வரவேண்டிய இடத்திலெல்லாம் 'நாம்' என்று போட்டாள். நாம் தாகத்தால் சாகிறோம்.

"யாரு நாம்? இவளும் நானுமா?" என்று சிரித்த சண்முகராஜுக்கு அன்று மத்தியானமே நாக்கு ஒட்டிக்கொண்டது. துரைக்கு மனுவை இங்கிலீஷில் மாற்றிச் சொன்னார்கள். அந்தப் பாஷையில் நாமுக்கும் நாங்களுக்கும் ஒரே சொல்தானாம்; துரை இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு மனுவைத் தள்ளினார். தள்ளிய மனு ஊருக்கு வந்தது. சீனிச்சாமி அதைச் சாவடியில் நின்று, ஊரைக் கூட்டி, குரலை இழுத்து இழுத்து நையாண்டியாகப் படித்தார். கேட்டுச் சிரித்தவர்களுக்கெல்லாம் அன்று சாயங்காலம் குடத்துத் தண்ணீர் கைக்குள்ளேயே வற்றியது.

மூன்றாம் நாள் சீனிச்சாமி மனுவையும் மைக்கூட்டையும் தூக்கிக்கொண்டு வேதக்காரத் தெருவுக்கு வந்தார். உதடு வெடித்திருந்தது.

"ஆத்தா, அந்த ஒத்தச் சொல்ல அடிச்சு நாங்கன்னு மாத்திரு. புண்ணியமாப் போகும்."

"மாத்துனா நீங்க குடிப்பீக. எம்புள்ள என்னத்தக் குடிக்கும்?"

அவர் இடுப்புச் சாவியை எடுத்து நீட்டினார். அவள் வாங்கவில்லை.

"நீங்களே தொறங்க. நீங்களே எறைச்சு ஊத்துங்க."

ஊரே வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருக்க, மணியக்காரர் கிணற்றைத் திறந்து வாளியில் இறைத்து வந்து, ரோசம்மாளின் வாயில் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டார். பிள்ளை விழுங்கியபோது அவருடைய தொண்டையும் நனைந்தது. சுற்றி நின்றவர்கள் குடித்துக்கொண்டே அழுதார்கள். இன்னாசியம்மாள் யாருக்கும் கும்பிடு போடவில்லை. பிள்ளை பத்தே நாளில் எழுந்து நடந்தாள்.

மனு திருத்தப்படவே இல்லை. அதனால் வேதக்காரத் தெரு குடித்த பிறகுதான் அந்த ஊரில் மற்றவர்களுக்கும், கச்சேரியில் சண்முகராஜுக்கும் தண்ணீர் இறங்கியது. தினமும் முதல் குடத்தை அங்கே கொண்டுபோய் இறக்கிவிட்டு, "குடிச்சாச்சா?" என்று கேட்டு நிற்பது மணியக்காரர் வேலையாயிற்று, அதை யாரும் அதிசயமாகப் பேசுவதில்லை. இன்னாசியம்மாள் சாகும்வரை ஒரு நாளும் அவசரப்பட்டுக் குடித்ததில்லை.