கண்ணைக் கட்டிக் கேட்டவள்

துப்பட்டாவை இரண்டாக மடித்து ஃபிசாவின் கண்களைக் கட்டினான் மஸூத். பின்னந்தலையில் இப்போது முடி குறைவு. முடிச்சு நழுவிக்கொண்டே இருந்தது.

"இறுக்கிக் கட்டு மச்சான். அப்புறம் நான் பாத்துட்டேன்னு எங்கண்ணன் பஞ்சாயத்து வெக்கும்."

"வெக்காம? கேரம் போர்டுலயே கள்ள ஆட்டம் ஆடுனவ நீ," என்றான் தரையில் உட்கார்ந்திருந்த ஜுல்ஃபிகர், ஸ்க்ரூ டிரைவரால் முதுகைச் சொறிந்தபடி. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பேனல் போர்டு கம்பெனியில் பதினைந்து வருடமாக அவன் வயரிங் ஆள். தங்கைக்காக ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைமை விட்டுவிட்டு வந்திருந்தான்.

கட்டிலுக்குப் பக்கத்து மேஜையில் மூன்று ஆம்ப்ளிஃபயர்கள். ஒன்று வெள்ளி நிறம், நீல விளக்கு. ஒன்றின் தலையில் கட்டைவிரல் அளவு கண்ணாடிக் குழாய், உள்ளே கங்கு போல் ஒளி. மூன்றாவது கறுப்பு. சோப்பு டப்பாவை விடச் சற்றுப் பெரியது, ஒரு குமிழ், வேறு ஒன்றுமில்லை.

மூன்றும் மாடி வீட்டு கோகுல்நாத்துடையவை. ஐ.டி. வேலை. மனைவி வித்யாவுக்குத் தெரிந்து அவனிடம் இருப்பது ஒன்றுதான். காலையில் தனித்தனியாக மூன்று முறை இறங்கி, துண்டில் சுற்றிக் கொண்டுவந்து வைத்தான். "ஒண்ணை நீங்க வெச்சுக்கோங்க. மத்த ரெண்டை நான் வந்து எடுத்துக்கறேன். வித்யா முன்னாடி மட்டும் இதப் பத்திப் பேசிடாதீங்க."

ஹெட்ஃபோன் ஃபிசா வாங்கியது, மஸூதுக்கு, முதல் கல்யாண நாளுக்கு. காதை முழுக்க மூடும் பெரிய சாமான். போனில் சொருகினால் கொசு பாடுவது போல் கேட்டது. அதற்கு மேஜையில் வைக்கிற மாதிரி ஒரு ஆம்ப்ளிஃபயர் வேண்டும் என்று தெரிந்துகொள்ள அவனுக்கு ஒரு வாரம் ஆனது. எதை வாங்குவது என்று முடிவு செய்ய எட்டு மாதம் போதவில்லை. அவள் கீமோவுக்குப் படுத்திருக்கும்போது பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து விமர்சனங்கள் படித்தான். எது பிடித்திருக்கிறது என்று அவள் கேட்டபோதெல்லாம், "பாக்கலாம்" என்றான்.

பத்து நாட்களுக்கு முன் ஆஸ்பத்திரியில் இனி வீட்டில் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார்கள். வீட்டுக்கு வந்த அன்றே ஃபிசா சொன்னாள்.

"நான் போய்ட்டா அந்த ஹெட்ஃபோன் லாஃப்ட்ல ஏறிடும். எனக்குத் தெரியும். உனக்கு எது வேணும்னு நீயா சொல்ல மாட்ட. நான் இருக்கும்போதே முடிவு பண்ணிடறேன்."

"உனக்கென்ன தெரியும் அதுல?"

"ஏழு வருஷம் கால் சென்டர்ல ஹெட்செட் மாட்டிக்கினு ஊர் ஏச்செல்லாம் கேட்டவ நானு. என் காதைப் பத்தி நீ பேசாத."

அதற்காகத்தான் ஜுல்ஃபிகர் ஒரு பெட்டி செய்து கொண்டுவந்திருந்தான். மூன்று ஆம்ப்ளிஃபயரின் வயரும் பெட்டிக்குள் போகும். ஹெட்ஃபோனைப் பெட்டியில் சொருகவேண்டும். மேலே இருக்கிற குமிழைத் திருப்பினால் ஒவ்வொன்றாகப் பாடும். ஃபேக்டரியில் ஒட்டுவது போலவே 1, 2, 3 என்று ஸ்டிக்கர்கூட ஒட்டியிருந்தான். கறுப்புக்கு எண் இரண்டு.

"மச்சான், கையக் குடு. நடுங்குது எனக்கு."

மஸூத் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து வலது கையைக் கொடுத்தான். அவள் விரல்களைக் கோத்துக்கொண்டாள். போனில் ஒரே பாட்டு, அதே நாற்பது விநாடி. ஜுல்ஃபிகர் குமிழை ஒன்றில் வைத்தான்.

ஃபிசா தலையை ஆட்டிக் கேட்டாள். "பாடுறவன் நல்லவன்தான். ஆனா நம்ம ஊட்டுக்கு வரல. பஸ் ஸ்டாண்டுல நின்னுகினு பாடுறான்."

குமிழ் இரண்டுக்குப் போனது. மஸூத் கறுப்பு ஆம்ப்ளிஃபயரையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் கண்தான் கட்டியிருக்கிறதே, முகம் எப்படி இருந்தால் என்ன என்று நினைத்துக்கொண்டான்.

"ஆங்," என்றாள் ஃபிசா. "இவன் கதவைத் தட்டாமயே உள்ள வந்துட்டான். சோஃபால உக்காந்துட்டான்."

மூன்று.

"இவனுக்கு ஜல்ப்பு புடிச்சிருக்கு, மூக்கடைச்சுப் பாடுறான். அண்ணே, மாத்து."

"அவ்ளோதான், மூணே பேர்தான். யாரைப் புடிச்சிருக்கு சொல்லு."

"சோஃபாக்காரன்."

ஜுல்ஃபிகர் மஸூதைப் பார்த்தான். மஸூத் கறுப்பைக் காட்டினான்.

"சும்மா அடிச்சு உடுறா மாப்ள. மறுபடி வெக்கிறேன், வரிசைய மாத்தி."

மூன்று, ஒன்று, இரண்டு என்று வைத்தான். அவள் கடைசியைச் சொன்னாள். இரண்டு, மூன்று, ஒன்று. முதலில் வந்தவன்தான் என்றாள். மூன்று முறையும் கறுப்பு.

"ஏ, எப்டிடி?"

"காதுண்ணே, காது." துப்பட்டாவைத் தானே மேலே தள்ளிவிட்டு மஸூதைப் பார்த்துச் சிரித்தாள். கன்னம் ஒட்டிப்போன முகத்தில் பல் மட்டும் பழையபடி இருந்தது.

அவள் அம்மா லத்தீஃபா டீ கொண்டுவந்தாள். "ஒரு பாட்டு கேக்குறதுக்கு மூணு பொட்டி, ரெண்டு ஆம்பள. எங்க காலத்துல டீக்கடை வாசல்ல நின்னா போதும்."

"உன் காலத்துல நீ எதுக்குமா டீக்கடை வாசல்ல நின்ன?" என்றாள் ஃபிசா.

லத்தீஃபா தம்ளரை வைத்துவிட்டுப் போனாள். மூன்று பேரும் சிரித்ததில் ஃபிசாவுக்கு இருமல் வந்தது. மஸூத் முதுகைத் தடவிக்கொடுத்தான். டீயில் இரண்டு வாய் குடித்தாள்.

"சரி, முடிஞ்சுது. கறுப்புதான். இனிமே நீ பாக்கலாம்னு சொல்ல முடியாது," என்றாள். ஹெட்ஃபோனைக் கழற்றவில்லை. "இன்னும் கொஞ்சம் ஓடட்டும்."

ஜுல்ஃபிகர் பைக்கை எடுத்துக்கொண்டு போனான். மஸூத் கட்டிலருகே உட்கார்ந்திருந்தான். அவள் தூங்குகிறாள் என்று நினைத்தான். மாலை அஸர் தொழுகைக்கு பாங்கு சொல்லிச் சற்று நேரம் கழித்து லத்தீஃபா எழுப்ப வந்தாள். தோளைத் தொட்டாள். பிறகு மஸூதைப் பார்த்தாள்.

அவன் ஹெட்ஃபோனைக் கழற்றினான். பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. எங்கே நிறுத்துவது என்று அவனுக்குச் சட்டென்று தெரியவில்லை.

மறுநாள் காலை குளிப்பாட்டிக் கபன் துணி சுற்றிய பிறகு முகம் பார்க்கக் கூப்பிட்டார்கள். முகம் மட்டும்தான் தெரிந்தது. கைகள் வெள்ளைத் துணிக்குள் இருந்தன. உடல் வைத்த சந்தூக்கைத் தூக்கியபோது முன்பக்கம் ஜுல்ஃபிகர், பின்பக்கம் மஸூத். சந்தின் முனையில் தண்ணீர் லாரி ஒதுங்கி நின்று வழிவிட்டது. கபரஸ்தானில் மஸூத் மூன்று பிடி மண் போட்டான். வீட்டுக்கு வந்து கை கழுவினான்.

மூன்றாம் நாள் பாத்திஹா முடிந்து கூட்டம் கலைந்த பிறகு கோகுல்நாத் வந்தான். கூடவே வித்யா, ஹாட்பாக்ஸில் இட்லியோடு. கோகுல்நாத் மேஜைப் பக்கம் பார்க்காமல் இருப்பதற்கு மிகவும் பாடுபட்டான். வித்யா பார்த்துவிட்டாள்.

"அது உங்களோடதில்ல?" என்றாள் கணவனிடம்.

"அது... ஆமா."

"பக்கத்துல இருக்கறது?"

கோகுல்நாத் சீலிங் ஃபேனைப் பார்த்தான்.

"மூணா!" என்றாள் வித்யா. துக்க வீடு என்று நினைவு வந்து வாயைப் பொத்திக்கொண்டாள். லத்தீஃபாவின் உதடு இலேசாக அசைந்தது.

"ரெண்டைக் கொண்டுபோங்க," என்றான் மஸூத். "கறுப்பு இங்க இருக்கட்டும். அவ எடுத்தது."

மூன்று நாளில் அவன் பேசிய நீளமான பேச்சு அதுதான். ஜுல்ஃபிகர் எழுந்து போய் வயர்களைக் கழற்ற ஆரம்பித்தான். பெட்டியின் மூடியைத் திறந்தான். அப்படியே நின்றுவிட்டான்.

"இன்னா?" என்றாள் லத்தீஃபா.

ஜுல்ஃபிகர் பெட்டியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தான். "மாப்ள... லூப் போட்டு வெச்சிருக்கேன்."

"அப்படின்னா?"

"பேனல் போர்டுல பக்கத்துப் பக்கத்துல மூணு டெர்மினல் வந்தா ஒரு செம்புத் தகடு போட்டு இணைச்சுடுவோம். பதினஞ்சு வருஷமா அதானே பண்றேன். கை அதும்பாட்டுக்கு இதுலயும் போட்டிருக்கு. குமிழை எங்க திருப்பினாலும் ஒண்ணுதான். மூணும் சேந்தே பாடியிருக்கு."

"அய்யோ!" என்றான் கோகுல்நாத். "மூணையும் ஒண்ணா ஜாயின்ட் பண்ணீங்களா? எரிஞ்சிருக்குமே!" மூன்றையும் ஒவ்வொன்றாகத் தூக்கி மோந்து பார்த்தான். கைக்குழந்தையை மோப்பதுபோல் இருந்தது. வித்யாவுக்குச் சிரிப்பு பீறிட்டது. அடக்கப் பார்த்து முடியாமல் சமையலறைப் பக்கம் ஓடினாள்.

"சோஃபாக்காரன், ஜல்ப்புக்காரன்னு அவ்ளோ பேசுனாளே," என்றான் ஜுல்ஃபிகர். "எல்லாம் ஒரே ஆளு! பஸ் ஸ்டாண்டுல நின்னவனும் அவன்தான்!" சொல்லும்போதே சிரித்தான், சிரிக்கும்போதே கண்ணைத் துடைத்தான். லத்தீஃபா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினாள். "கள்ளி," என்றாள். "பொறந்ததுலேருந்தே கள்ளி." மஸூதும் சிரித்தான். அந்தச் சத்தம் தன்னிடமிருந்து வந்தது அவனுக்கே வியப்பாக இருந்தது.

சிரிப்பு அடங்கியதும் கோகுல்நாத் கேட்டான். "அப்போ மூணு தடவையும் எப்படிச் சரியா கறுப்பைச் சொன்னாங்க? வித்தியாசமே இல்லியே கேக்கறதுக்கு."

ஜுல்ஃபிகர் பெட்டியைப் பார்த்தான். "காதுன்னுதான் சொன்னா," என்றான் மெதுவாக.

ஃபிசா பிடித்திருந்த தன் வலது கையை மஸூத் பார்த்தான். குமிழ் இரண்டுக்கு வந்தபோதெல்லாம் தன் விரல்கள் என்ன செய்தன என்று யோசித்துப் பார்த்தான்.

அவர்கள் போனார்கள். கோகுல்நாத் இரண்டு ஆம்ப்ளிஃபயரையும் இந்த முறை துண்டில் சுற்றாமல் எடுத்துக்கொண்டு, வித்யாவின் பின்னால் படியேறினான். லத்தீஃபா இட்லியைத் தட்டில் வைத்து மூடிவிட்டுத் தொழப் போனாள். ஜுல்ஃபிகர் செம்புத் தகட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினான்.

மஸூத் கட்டில் ஓரத்தில், அன்று உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்தான். ஹெட்ஃபோனை எடுத்துத் தலையில் மாட்டினான். வயர் முனையை நேராகக் கறுப்பு ஆம்ப்ளிஃபயரில் சொருகவேண்டும். இடது கையால்தான் சொருகினான். பழக்கமில்லாத கை, துவாரத்தில் சேர மூன்று நான்கு முறை ஆனது. வலது கை மெத்தை மேல், விரல்கள் கொஞ்சம் விரிந்து, உள்ளங்கை மேலே பார்த்தபடி இருந்தது. அதை அவன் அசைக்கவில்லை.