பேச்சு வெட்டுப்படாத ஷாட்

வேலூரில் ஞாயிறுதோறும் நடந்த குறும்பட வகுப்பில் எனக்கு ஜோடியாக அமைந்தவள் தமிழினி. என் பெயர் ஜெனிஃபா, நர்ஸ். அவள் ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்றில் தையல் பிரிவில் இருந்தாள். பிறவியிலேயே காது கேட்காது. கைகளால்தான் பேசுவாள், சைகை தெரியாதவர்களுக்குப் போனில் எழுத்தாகத் தட்டிக் காட்டுவாள்.

இரண்டு பேர் பேசிக்கொள்வதைப் படமெடுத்து வரச் சொன்னார் வகுப்பெடுத்த நெல்வின் சார். "முகத்துக்கு குளோசப் வைங்க. மனசுல இருக்கிறது அங்கதான் தெரியும்."

தமிழினியின் தோழிகள் அமிர்தவள்ளி, கிறிஸ்டினா இருவருக்கும் காது கேட்காது. கம்பெனி எதிரே டீக்கடை மேசையில் அவர்களை உட்காரவைத்து, சார் சொன்னபடியே எடுத்தேன். தமிழினி பார்த்துவிட்டுத் தட்டினாள்: "பேச்சையே வெட்டிட்டியே."

உண்மைதான். முகங்கள் பளிச்சென்று இருந்தன. கைகள் எல்லாம் ஃபிரேமுக்கு வெளியே.

கேமராவை அவள் வாங்கிக்கொண்டாள். பக்கவாட்டில் வைத்தால் ஒரு விரல் இன்னொன்றை மறைத்தது. தோளுக்குப் பின்னாலிருந்து வைத்தால் தோளே மறைத்தது. கடைசியில் ஒவ்வொருத்திக்கும் நேர் எதிரே, கொஞ்சம் உயரத்தில், தலையிலிருந்து இடுப்பு வரை வைத்தாள். அமிர்தவள்ளியின் பூப்போட்ட துப்பட்டாவைக் கழற்றச் சொன்னாள். கருநீலச் சட்டைக்கு முன்னால் விரல்கள் தனித்தனியாகத் தெரிந்தன.

நடுவில் கிறிஸ்டினா கைகளை மேசைக்குக் கீழே இறக்கினாள். தமிழினி சட்டென்று குனிந்து அந்த விரல்களுக்கு மட்டும் குளோசப் வைத்தாள்.

"இது இன்னா?" என்று போனில் தட்டிக் கேட்டேன்.

"ரகசியம் பேசுறா. எங்க கிசுகிசு இப்படித்தான்" என்று தட்டினாள்.

அடுத்த ஞாயிறு வகுப்பில் படம் ஓடியது. பேச்செல்லாம் கீழே எழுத்தில் வந்தது. அந்த ரகசியத்துக்கு மட்டும் அவள் எழுத்துப் போடவில்லை. பார்த்தவர்கள் எல்லோரும் நாற்காலியில் முன்னால் நகர்ந்தார்கள்.

சார் இன்னொரு தடவை ஓட்டிப் பார்த்தார். "முகம்னு நான் சொன்னது தப்பு. பேச்சு எங்க இருக்கோ அங்கன்னு சொல்லியிருக்கணும்" என்றார். அடுத்த வாரம் வகுப்பெடுக்க முடியுமா என்று போனில் தட்டி அவளிடமே கேட்டார்.

தமிழினி போனை அவரிடம் நீட்டினாள். "எடுக்குறேன் சார். ஜெனிஃபா கூட இருக்கணும். அவ குரலை நான் வச்சுக்குறேன், என் கண்ணை அவ வச்சுக்கட்டும்."

சார் அதைச் சத்தமாகப் படித்தார். சரி என்று நான் அவளுக்குக் கையால் காட்டினேன்.