நாடாவுக்கு ஒரு சிரிஞ்சு தண்ணீர்

1

இந்தக் கதை நான் சும்மா கிடந்ததால் பிறந்தது. நைட் ஷிப்ட் வேலையை விட்டுவிட்டு மாடி வீட்டில் மல்லாந்திருந்தவனை, கீழ்வீட்டில் பட்டுத்தறி நெய்யும் ரேணுகாதேவி அக்கா தன் பூனையோடு கால்நடை டாக்டரிடம் போகத் துணைக்குக் கூப்பிட்டார். எனக்குப் பூனை பிடிக்காது. (இந்த வரி கடைசிவரை நிற்குமா, தெரியவில்லை.)

2

"ஆரணித் தறிகளின் இன்னிசையில் ஒரு பூனை..." என்று தொடங்கினேன். தறிச் சத்தம் இன்னிசை இல்லை. அடித்துவிட்டேன்.

"மருந்தே விஷமானபோது..." இது டிவி செய்தி. இதையும் அடித்தேன்.

நடந்ததையே சொல்கிறேன். பூனையின் பெயர் நாடா. தறியில் ஊடு நூலைச் சுமந்து ஓடும் நாடா மாதிரி வீட்டுக்குள் இப்படியும் அப்படியும் ஓடும். சளி பிடித்துக் கண் ஒழுகியதால் டாக்டர் சத்யப்ரியா ஆன்டிபயாடிக் மாத்திரை கொடுத்திருந்தார். சளி போனது, பசியும் போனது. எச்சில் வடிந்தது. விழுங்கும்போதெல்லாம் கழுத்தை நீட்டிக் கத்தியது.

3

டாக்டரை வில்லியாக்க நினைத்திருந்தேன். அவர் ஒரே கேள்விதான் கேட்டார்.

"மாத்திரை போட்டதும் தண்ணி குடுத்தீங்களா?"

"தறியாண்ட எப்டிம்மா தண்ணி?" என்றார் அக்கா.

நாடா அடங்கி உட்காரும் இடம் ஒன்றுதான்: தறிக்குழியில், நெய்கிற அக்காவின் காலடி. மாத்திரையும் அங்கேதான். தறியில் இழுத்துக் கட்டிய பாவு நூலில் ஒரு சொட்டு பட்டாலும் பட்டில் கறை நிற்கும் என்று அந்த அறைக்குள் தண்ணீரே வந்ததில்லை. வெறும் மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கிவிட்டது.*

தண்ணீர் விஷயத்தைச் சொல்லாமல் விட்டது தன் தப்பு என்றார் டாக்டர். அப்புறம் எங்கே வில்லி. மாத்திரையை நிறுத்தினார், புண்ணாற மருந்து கொடுத்தார். குழாய் சுருங்கிவிட்டால் கஷ்டம், தானாகச் சாப்பிட ஆரம்பித்தால் பயமில்லை என்றார்.

*சில ஆன்டிபயாடிக் மாத்திரைகள் பூனைக்கு இப்படிச் செய்யும். வாந்தி, வயிற்றுப்போக்கு தனி.

ஆட்டோவில் அக்கா ஒன்றுதான் சொன்னார்: "என்ன நம்பித்தான் தம்பி வாயத் தொறந்துச்சு."

அதற்கு நான் ஆறுதலாக ஒன்று சொன்னதாக எழுதி, அடித்துவிட்டேன். சேர்த்தால் பொய்.

4

தறி அறைக்குள் சொம்பு வந்தது. அக்காவின் கணவர் தருமன் வாசலில் நின்று பார்த்தார்.

"எனுக்கு விக்கல் எடுத்தா வெளிய போய் குடின்னுவா. பூனைக்கு உள்ளயே வந்துகினு கீது."

அக்கா புது மருந்தைக் கொடுத்து, சிரிஞ்சால் தண்ணீர் விட்டார். நாடா தலையை உதறியது. பாவில் சொட்டுகள் தெறித்தன. நானும் தருமனும் பாவைப் பார்த்தோம். அக்கா பூனையின் தாடையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

5

முடிவு அ: நாடா சாப்பிட்டது.

முடிவு ஆ: நாடா மறுநாள்

(இதற்குமேல் கை போகவில்லை. நான் எழுதுவது அக்காவுக்குத் தெரியும். "இன்னா வேணா எழுதிக்கோ. அது துன்னாம கதைய முடிக்காத" என்றிருக்கிறார்.)

மசித்த மீன் குழி ஓரத்தில் இருக்கிறது. நாடா மோந்து பார்க்கிறது. அக்கா மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டார், தறி நின்றுவிட்டது. நானும் பக்கத்தில் குந்தியிருக்கிறேன். முதல் பகுதியின் அந்த வரியை நீங்களே அடித்துவிடுங்கள். முடிவு அவசரமென்றால் அதையும் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.

சத்தம் மட்டும் போடாதீர்கள். நாக்கை நீட்டுகிற மாதிரி இருக்கிறது.